வயிற்றுக் கோளாறும் பகுத்தறிவும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் நாட்பட்ட வயிற்றுக் கோளாறைப்பற்றியும், எந்த ஆகாரம் யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைப்பற்றியும் பேசப்போகின்றோம். இதைக் கேட்டுச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். மேடையேறி மலஜலத்தைப்பற்றிப் பேசுவதா என்று சிலர் முகத்தைச் சுளிக்கவும் செய்யலாம். ஆனால் தோழர்களே, வெளியில் சொல்ல வெட்கப்படும் நோய்தான் மந்திரவாதிக்கும் போலி மருந்து வியாபாரிக்கும் நல்ல வருமானம். நாம் நாலுபேர் நடுவில் பேசக் கூசுவதை ஒருவன் காதோடு காதாய்ப் பேசிக் காசு பறித்துக்கொண்டு போகின்றான். ஆதலால் வெட்கத்தை விட்டுப் பேசுவோம்.

நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். இன்று சொல்லப்போவதில் பெரும்பகுதி, ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தால் நீங்களே உங்கள் வயிற்றைக்கொண்டு பரீட்சை செய்து பார்க்கக்கூடியது. பார்த்துச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையானால் தள்ளிவிடுங்கள்.

இது என்ன நோய்?

அடிக்கடி வயிறு வலிக்கின்றது. மலம் கழித்தால் வலி குறைகின்றது, அல்லது கூடுகின்றது. சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வருகின்றன. வயிறு உப்பிப் பொருமுகின்றது. ரத்தம் சோதித்தாலும், குழாய் விட்டுப் பார்த்தாலும், புண்ணோ கட்டியோ ஒன்றும் காணப்படுவதில்லை. இதற்கு டாக்டர்கள் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்றும், சுருக்கமாய் ஐ.பி.எஸ். என்றும் பெயர் சொல்லுகின்றார்கள். சீக்கிரம் கலங்கிப்போகும் குடல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2016-ம் வருஷத்தில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுப்படி, கடந்த மூன்று மாதங்களில் வாரத்திற்கு ஒரு நாளாவது இத்தகைய வலி இருந்து, கோளாறு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்து, மலம் கழிப்பதோடு தொடர்போ, மலம் போகும் தடவையில் மாறுதலோ, மலத்தின் தன்மையில் மாறுதலோ ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அது இந்நோயாகும்.

பரிசோதனையில் ஒன்றும் காணவில்லை என்றதும் வீட்டார் என்ன சொல்லுகின்றார்கள்? "ஒன்றுமில்லையாம், எல்லாம் பாசாங்கு" என்கின்றார்கள். இது மிகவும் கொடுமை. ஒரே ஆகாரத்தைக் கொடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், நல்ல உடம்புக்காரர் குடலில் உண்டாகும் வாயுவும் நோயாளியின் குடலில் உண்டாகும் வாயுவும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தன. ஆனால் நல்ல உடம்புக்காரருக்கு அது தெரியவில்லை. நோயாளிக்கு அது வலியாகத் தெரிந்தது. அதாவது, குடலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் நோயாளிக்கு மிகவும் கூர்மையாகிவிட்டிருக்கின்றன. இருக்கும் வலியைத்தான் அவர் சொல்லுகின்றாரே ஒழிய, இல்லாததைக் கற்பனை செய்யவில்லை.

இந்நோய் சிலருக்கு எப்படி வருகின்றது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். கனடா தேசத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். 2000-ம் வருஷம் மே மாதத்தில் அவ்வூர்க் குடிதண்ணீரில் கிருமிகள் கலந்துவிட்டன. ஏறக்குறைய 2,300 பேர் பேதியில் படுத்தார்கள்; 7 பேர் மாண்டார்கள். பேதி நின்ற பிறகும் டாக்டர்கள் அவ்வூராரை விட்டுவிடாமல் வருஷக்கணக்காய்க் கவனித்தார்கள். இரண்டு மூன்று வருஷங்கள் சென்று பார்த்தபோது, அன்று பேதி கண்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஐ.பி.எஸ். இருந்தது. பேதி காணாதவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அழுக்குத் தண்ணீர் குடித்த ஒரு வாரத்தின் பலனைப் பலர் வருஷக்கணக்காய் அனுபவித்தார்கள். அப்படியானால் நம் ஊரில் பேதி பரவும்போது நாம் செய்யவேண்டியது என்ன? அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதா, அல்லது பஞ்சாயத்தாரைப் பிடித்துக் குழாயையும் தொட்டியையும் சுத்தம் செய்யச் சொல்லுவதா?

பெண்கள் படும் பாடு

இந்நோய் உலகத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாய்க் காணப்படுகின்றது. ஆண் பிள்ளைக்கு வயிறு கலங்கினால் வயல்வெளியோ வேலியோரமோ போதும். பெண் என்ன செய்வாள்? கக்கூசு இல்லாத பள்ளிக்கூடத்திற்கும், கக்கூசு இல்லாத வேலைத்தலத்திற்கும், நாலு மணி நேரம் பஸ்ஸிலும் போகவேண்டியவள், வழியில் அவமானம் வருமே என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் கூடக் குடியாமல் கிளம்புகின்றாள். வீட்டில் ஆண் பிள்ளைக்கு வயிறு சரியில்லையென்றால் தனிச் சமையல் நடக்கின்றது. அதே வலி அவளுக்கு வந்தால், எல்லோரும் தின்று மீந்ததைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டியவளாயிருக்கின்றாள். இப்படி இருக்கும்வரை வயிற்று வைத்தியம் பேசுவதெல்லாம் பாதி வைத்தியந்தான்.

இடுமருந்தும் தொக்கமும்

நிற்க. வயிற்று வலி நாட்பட்டுவிட்டால் நம் ஜனங்கள் என்ன செய்கின்றார்கள் என்பதைச் சற்று யோசிப்போம். முதலில் "கண் பட்டுவிட்டது" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகின்றார்கள். பிறகு "தொக்கம் விழுந்திருக்கிறது" என்று தொக்கம் எடுப்பவரிடம் போகின்றார்கள். அவர் வயிற்றைத் தடவியும், ஊதியும், உறிஞ்சியும் ஓர் இறைச்சித் துண்டையோ பருப்புத் தோலையோ எடுத்துக் காட்டுகின்றார். அதற்கும் தீரவில்லையென்றால், "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு எழுகின்றது. மருந்து எடுப்பவன் வாந்தி எடுக்கச் செய்து, உருண்டையாய் ஒன்றைக் காட்டி, "இதோ பார், சோற்றில் கலந்து வைத்தது" என்கின்றான்.

தோழர்களே! தின்ற சோறு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டுச் சிறுகுடலுக்கு இறங்கிவிடுகின்றது. அப்படியிருக்க, போன வருஷம் தின்ற துண்டு இன்றுவரை எங்கே உட்கார்ந்திருந்தது? வயிற்றுத் தோலில் ஓட்டையில்லாதபோது, உறிஞ்சினவர் வாய்க்கு அது எவ்வழியாய் வந்தது? துண்டு வெளியே வந்தபின்னும் அடுத்த மாதம் வலி திரும்ப வருகின்றதே, அது எந்தத் துண்டு? இவ்வளவும் கேட்க ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் புத்தி போதும். ஆனால் கேட்பவர் இல்லை.

இது காசு நஷ்டத்தோடு போனால் நாம் இவ்வளவு பேசமாட்டோம். "மருந்து வைத்தது யார்?" என்ற கேள்வி வருகின்றது பாருங்கள், அங்கேதான் நாசம். யார்மேல் பழி விழுகின்றது? வீட்டுக்கு வந்த மருமகள்மேல். சோறு போட்ட ஏழை உறவுக்காரிமேல். பக்கத்து வீட்டு விதவைமேல். எதிர்த்துப் பேச நாதியில்லாதவர்கள்மேல்தான் விழுகின்றது. ஒருவன் குடலில் உண்டான வாயுவுக்காக ஒரு பெண் தன் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதானால், அதை வைத்தியம் என்பதா, அக்கிரமம் என்பதா? நாம் இன்று இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு முக்கிய காரணமே இதுதான். வலிக்குக் காரணமான பண்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரையில், வலிக்குக் காரணமான மனுஷரைத்தான் தேடிக்கொண்டிருப்போம்.

பலித்தது என்கிறார்களே!

"இல்லை ஐயா, மந்திரித்தேன், வேண்டிக்கொண்டேன், சுகமாயிற்று" என்று சொல்லுபவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லுவதாக நாம் சொல்லவில்லை. சுகமானது நிஜமாயிருக்கலாம், அதற்குச் சொல்லும் காரணந்தான் தப்பு. மூன்று சங்கதிகளை யோசித்துப் பாருங்கள்.

ஒன்று, இந்நோய் ஏறியும் இறங்கியும் வருவது. ஜனங்கள் கோவிலுக்கோ பூசாரியிடமோ போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருக்கும் வலி, அடுத்த வாரம் தானாகவே குறையவேண்டியதுதான். குறைந்தவுடன் கடைசியாய்ப் பார்த்தவருக்குப் பெயர் போய்ச் சேருகின்றது.

இரண்டாவது, எதிர்பார்ப்பின் சக்தி. 2010-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் இந்நோயாளிகள் 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு, "இதில் மருந்து ஒன்றுமில்லை, வெறும் மாத்திரை" என்று முன்னதாகவே சொல்லி, வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு மாத்திரையே இல்லை. மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, வெறும் மாத்திரை தின்றவர்களில் நூற்றுக்கு 59 பேர் போதுமான சுகம் கண்டதாய்ச் சொன்னார்கள்; மற்றவர்களில் நூற்றுக்கு 35 பேர் சொன்னார்கள். வெறும் மாத்திரை என்று தெரிந்து தின்றே இவ்வளவு சுகம் கண்டால், விபூதியைச் சக்தியுள்ளதென்று நம்பித் தின்றவன் கொஞ்சம் சுகம் காண்பதில் அதிசயம் என்ன?

மூன்றாவதுதான் வேடிக்கை. விரதமிருந்தால் வயிறு லேசாகின்றது என்கின்றார்கள். விரத நாளில் பலர் என்ன செய்கின்றார்கள்? வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. ஒரு வேளை சாப்பாட்டைக் குறைக்கின்றார்கள். வெங்காயமும் பூண்டும் இந்நோயாளிகளில் பலரை உபத்திரவப்படுத்தும் பண்டங்கள் என்று இன்று ஆராய்ச்சியில் தெரிகின்றது. அவை தாமச குணத்தைக் கொடுப்பதால் அல்ல. அவற்றிலுள்ள ஒரு வகை மாவுச்சத்து குடலில் புளிப்பதால். சந்தேகமிருந்தால், விரதமில்லாத புதன்கிழமையிலும் வியாழக்கிழமையிலும் வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். அன்றும் வயிறு லேசாயிருந்தால் யார் செய்த உபகாரம் அது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

புது மூடநம்பிக்கை

பட்டணத்துப் படிப்பாளிகள், "நாங்கள் தொக்கம் எடுக்கப் போவதில்லை" என்று பெருமைப்பட வேண்டாம். ரத்தம் எடுத்து ஐ.ஜி.ஜி. பரீட்சை செய்து, உங்களுக்கு ஆகாத பண்டங்கள் இவையென்று நீண்ட ஜாபிதா கொடுக்கும் வியாபாரம் இன்று நடக்கின்றது. ஒரு பண்டத்தைத் தின்று வருகின்றோம் என்பதைத்தான் அந்தப் பரீட்சை பெரும்பாலும் காட்டுகின்றதே தவிர, அது ஆகாது என்பதைக் காட்டுவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமுள்ள ஒவ்வாமை நிபுணர் சங்கங்கள், இதை நம்பி ஆகாரத்தை நீக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. குடலைக் கழுவுவதாகச் சொல்லும் பொடிகளும் இந்த ரகந்தான்.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைச்சத்துதான் தங்கள் வயிற்றைக் கெடுக்கின்றது என்று உறுதியாய் நம்பியிருந்த 59 பேரை நார்வே தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் பரீட்சித்தார்கள். 2018-ல் அதன் முடிவு பிரசுரமாயிற்று. எதில் என்ன இருக்கின்றது என்று தின்பவருக்கும் தெரியாமல், கொடுப்பவருக்கும் தெரியாமல், குளூட்டன் கலந்த பலகாரம் ஒரு வாரம், கோதுமையிலும் வெங்காயத்திலுமுள்ள ஃப்ரக்டான் என்னும் சத்துக் கலந்தது ஒரு வாரம், இரண்டுமில்லாதது ஒரு வாரம் என்று கொடுத்தார்கள். குளூட்டன், ஒன்றுமில்லாத பலகாரத்தைவிட அதிகக் கெடுதல் செய்யவில்லை. அதிக உபத்திரவம் கொடுத்தது ஃப்ரக்டான். சொந்த அனுபவம் என்று நாம் சத்தியம் செய்யும் விஷயத்தில்கூடப் பழி வேறொன்றின்மேல் விழுந்திருக்கலாம் என்பதற்கு இது போதாதா?

முதலில் டாக்டரிடம்

உணவுப் பரீட்சைக்கு இறங்குமுன் ஒரு எச்சரிக்கை. மலத்தில் ரத்தம் வந்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், ரத்த சோகையிருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், தூக்கத்திலிருந்து எழுப்பும்படியான பேதியிருந்தாலும், ஐம்பது வயதுக்குமேல் புதிதாய்த் தொடங்கினாலும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தாலும், நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் நாட்டில் குடலில் காசநோயும் உண்டு. அது பத்தியத்தால் தீராது. அன்றியும், கோதுமையை நிறுத்துமுன் சீலியாக் என்னும் நோய்க்குரிய ரத்தப் பரீட்சையைச் செய்துகொள்ள வேண்டும். நிறுத்தியபின் செய்தால், நோய் இருந்தாலும் இல்லையென்று காட்டிவிடக்கூடும்.

எந்த ஆகாரம், எப்படி?

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மொனாஷ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், சரியாய் ஜீரணமாகாமல் குடலில் தங்கும் சில சிறு மாவுச்சத்துக்களையும் சர்க்கரைகளையும் ஒன்றாய்ச் சேர்த்து ஃபாட்மேப் என்று 2005-ல் பெயரிட்டார்கள். அவை செய்யும் வேலை இரண்டு. சிறுகுடலில் தண்ணீரை இழுத்துக்கொள்ளுகின்றன. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. தண்ணீரும் வாயுவும் சேர்ந்து குடலை விரிக்கின்றன. கூர்மையான நரம்புள்ளவனுக்கு அவ்விரிவே வலி.

நம் அடுப்பங்கரையில் அவை எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, ரவை ஆகியவற்றில் ஃப்ரக்டான் இருக்கின்றது. துவரை, உளுந்து, கொண்டைக்கடலை, மொச்சை, முந்திரிப்பருப்பு ஆகியவற்றில் அதைப்போன்ற வேறொன்று இருக்கின்றது. பாலிலும் பால்கோவாவிலும் பால் சர்க்கரை. மாம்பழம், தர்ப்பூசணி, ஆப்பிள், தேன் ஆகியவற்றில் பழச் சர்க்கரை மிகுதி. காளானிலும், சர்க்கரையில்லாதது என்று விற்கும் மிட்டாய்களிலும் வேறொரு வகை. இதற்கு மாறாக அரிசிச் சோறு, முட்டை, மீன், கறி, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, நிலக்கடலை, ஆரஞ்சு, பப்பாளி இவைகளில் அந்தத் தொல்லை குறைவு.

"பால் அமிர்தமாயிற்றே, அதையுமா சொல்லுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். உலகத்தில் வளர்ந்த மனிதரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பால் சர்க்கரையை முழுதும் ஜீரணிக்கும் சக்தி குழந்தைப் பருவத்திற்குப்பின் குறைந்துவிடுகின்றது. இது நோயல்ல, சுபாவம். அவர்களிலும் பெரும்பாலோர் ஒரு டம்ளர் பாலைத் தாங்குவார்கள். மோராகவோ தயிராகவோ ஆக்கினால், புளிக்கவைத்த கிருமிகளே பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், இன்னும் எளிது.

இதெல்லாம் வெறும் யூகமல்ல. 2014-ல் பிரசுரமான மொனாஷ் பரீட்சையில் 30 நோயாளிகளுக்கு இச்சத்துக்கள் குறைந்த சாப்பாட்டை 21 நாளும், அவ்வூரார் வழக்கமாய்ச் சாப்பிடுவதை 21 நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த சாப்பாட்டின்போது உபத்திரவம் ஏறக்குறையப் பாதியாயிற்று.

செய்யவேண்டிய முறை

முதலில் சுலபமானதைச் செய்யுங்கள். ஸ்வீடனில் 2015-ல் 75 நோயாளிகளைக்கொண்டு நடந்த ஒரு பரீட்சையில், மேற்சொன்ன கடும் பத்தியமும், சாதாரணமான ஆகார யோசனைகளும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தன. இரண்டிலும் பாதிப்பேர் குணம் கண்டார்கள். அந்தச் சாதாரண யோசனைகள் என்ன? வேளா வேளைக்குச் சாப்பிடுவது, பட்டினி கிடந்து ஒரேயடியாய்த் திணிக்காமலிருப்பது, மென்று தின்பது, எண்ணெய்ப் பலகாரம், காரம், காப்பி, சாராயம் இவைகளைக் குறைப்பது. இந்நோய்க்கு நார்ச்சத்து வேண்டுமென்று கோதுமைத் தவிட்டைத் தின்னச் சொல்லுவது பழைய வழக்கம். ஹாலந்தில் 275 பேரைக்கொண்டு செய்து 2009-ல் பிரசுரித்த பரீட்சையில், இசப்கோல் உமி தின்றவர்கள் சுகம் கண்டார்கள். தவிடு தின்றவர்களில் பலர் உபத்திரவம் கூடியதென்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆதலால் தவிட்டை விட்டு, இசப்கோலைச் சிறிதளவில் தொடங்கித் தாராளமாய்த் தண்ணீரோடு சாப்பிடலாம்.

இவ்வளவும் நாலைந்து வாரம் செய்து தீரவில்லையானால்தான் அடுத்தது.

நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்ன தின்றோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு. வலி எப்போது, பத்துக்கு எத்தனை. மலம் எத்தனை தடவை, எப்படி. அன்று தூக்கம் எப்படி, மனக்கவலை என்ன. பெண்களானால் மாதவிலக்கு நாளா என்பதும். இரண்டு வாரம் ஒன்றையும் மாற்றாமல் எழுதுங்கள். அப்பொழுதே பல சங்கதிகள் வெளியாகும். "நேற்று மீன் தின்றேன், அதுதான்" என்று நினைத்தவருக்கு, மீன் தின்ற ஆறு நாளில் ஐந்து நாள் வலியில்லை என்பது கண்ணில் படும். பலித்ததை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டு பலிக்காததை மறந்துவிடுவது ஜோசியத்தை நம்புகிறவன் வழக்கம். பென்சில் அதற்கு இடங்கொடாது.

பிறகு, இரண்டு முதல் ஆறு வாரம் வரையில் மேற்சொன்ன பண்டங்களை நீக்கிப் பார்க்கவேண்டும். ஆறு வாரத்தில் ஒரு குணமும் தெரியவில்லையென்றால் உங்கள் உபத்திரவத்துக்கு அவை காரணமல்ல. பத்தியத்தை விட்டுவிட்டு, பழையபடி எல்லாம் சாப்பிடுங்கள். குணம் தெரிந்தால் அத்தோடு நின்றுவிடக்கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றார்கள். ஊரில் பத்துத் திருட்டு நடந்ததென்று ஊராரையெல்லாம் ஜெயிலில் போட்டால் திருட்டு நிற்கத்தான் செய்யும். அதற்காக எல்லோரையும் ஜெயிலிலேயே வைத்திருப்பது நியாயமா? ஒவ்வொருவராய் வெளியே விட்டுப் பார்க்கவேண்டும்.

அதாவது, மற்றப் பத்தியம் அப்படியேயிருக்க, ஒரு பண்டத்தை மாத்திரம் மூன்று நாள் சேருங்கள்: முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் சற்று அதிகம், மூன்றாம் நாள் வழக்கமாய்ச் சாப்பிடும் அளவு. வலி வந்தால் அன்றே நிறுத்தி, எந்த அளவில் வந்ததென்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த பண்டம். பால் தனியே, வெங்காயம் தனியே, பூண்டு தனியே, கோதுமை தனியே, பருப்பு தனியே, மாம்பழம் தனியே. ஏழெட்டு வாரத்தில் உங்கள் ஜாபிதா உங்கள் கையில் இருக்கும். ஒருவருக்குப் பூண்டு மாத்திரம் ஆகாமலிருக்கும், இன்னொருவருக்குப் பால், மற்றொருவருக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஆகும், ஒரே நாளில் சேர்ந்தால் ஆகாது. ஆகாததை மட்டும் குறைத்து, ஆவதையெல்லாம் திரும்பச் சாப்பிடுங்கள். குறைத்ததையும் சில மாதங்கள் சென்று மறுபடி பரீட்சியுங்கள், குடல் மாறக்கூடியது.

பருப்பு ஏழையின் புஷ்டி. அதை வருஷக்கணக்காய் நீக்கிவிட்டு, பதிலுக்கு முட்டையோ மீனோ நிலக்கடலையோ சேர்க்காவிட்டால் வயிற்று வலி போய் உடம்பே போய்விடும். இந்த நீக்கல் பரீட்சையைக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறவர்களுக்கும் டாக்டரில்லாமல் செய்யவேண்டாம்.

சமையலிலும் சில வழிகள் உண்டு. பூண்டிலும் வெங்காயத்திலுமுள்ள ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆதலால் பூண்டைத் தட்டி எண்ணெயில் போட்டு வாசனை இறங்கியதும் பூண்டை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் ருசியும் உண்டு, தொல்லையும் குறைவு. குழம்பில் போட்டு எடுத்துவிட்டால் பிரயோசனமில்லை. சத்து அதற்குள் குழம்பில் இறங்கிவிடும். வெங்காயத் தாளின் பச்சைப் பாகத்தைச் சேர்க்கலாம். கடலை வகைகளை இரவெல்லாம் ஊறவைத்து, அத்தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாய் வேகவைத்தால் தொல்லை குறையும். இட்லி மாவு புளிக்கும்போதும் உளுந்திலுள்ள அச்சத்தில் ஒரு பகுதி அழிகின்றது.

மனமும் குடலும்

குடலும் மூளையும் நரம்பால் கட்டுண்டவை. கடன்காரன் வரும் நாளிலும், பரீட்சை நாளிலும் வயிறு கலங்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே ஆகாரத்தைமட்டும் பார்த்தால் போதாது. நேரத்தில் தூங்குவதும், நடப்பதும், கவலையை ஒருவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளுவதும் வைத்தியந்தான். மனப்பயிற்சி கொடுக்கும் நிபுணர்கள் மூலமும் இந்நோய்க்குக் குணம் உண்டென்று பரீட்சைகள் காட்டியிருக்கின்றன. இதற்குப் பெயர் பைத்திய வைத்தியமல்ல.

விருந்துக்கு அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டீர்களா, இன்னும் ஒரு கரண்டி" என்று இலையில் தள்ளுவதை உபசாரம் என்று நினைக்கின்றீர்கள். ஒருவர் வேண்டாமென்றால் வேண்டாந்தான். அவர் உங்களை அவமதிக்கவில்லை. தம் வயிற்றை அறிந்திருக்கின்றார். அதைப்போலவே, பத்தியமிருக்கும் ஆண்பிள்ளைகளும் தங்கள் நோட்டைத் தாங்களே எழுதி, தங்கள் பூண்டெண்ணெயைத் தாங்களே தாளிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் வயிற்றுக்காக மற்றவர் இடுப்பு ஒடிய வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே! வலிக்கு ஒரு காரணம் உண்டு; அதைத் தேடினால் பெரும்பாலும் அது ஓர் ஆகாரத்தின் அளவிலோ, குடித்த தண்ணீரிலோ, படும் கவலையிலோ அகப்படும். மருமகள் கையிலும் பக்கத்து வீட்டுக்காரி கண்ணிலும் அது அகப்படாது. நாளைக்கு உங்கள் தெருவில் ஒருவர், "எனக்கு மருந்து வைத்துவிட்டார்கள்" என்று சொன்னால், அவரைப் பரிகாசம் செய்யாதீர்கள்; அவருடைய வலி நிஜம். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே பயமில்லையென்று சொன்னபின், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, எழுதத் தெரியாதவரானால் பக்கத்திலிருந்து இரண்டு வாரம் நீங்களே எழுதுங்கள். அந்த இரண்டு வாரத்தில் அவர் வயிறு குணமாகாவிட்டாலும், யாரோ ஒரு பெண்ணின்மேல் விழவிருந்த பழியாவது நிற்கும்.